மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த மாணவர்

இரட்டைமலை சீனிவாசனைப் பற்றி நம் மேடைகளில் தவறாமல் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர், தம் சாதியின் பெயரையும் தாம் தீண்டப்படாதவர் என்பதையும் பொறித்த வில்லையை உடையில் அணிந்தபடி மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முன் நின்றார் என்பதே அது. அதைக் கேட்கும் இளைஞர்கள் கைதட்டுகிறார்கள், நாமும் தட்டியிருக்கிறோம். ஆனால் அந்த வில்லைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு கதை இருக்கிறது. அதை மேடைகளில் நாம் அதிகம் சொல்வதில்லை.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் சீனிவாசன். இரட்டைமலை என்பது ஊரோ குன்றோ அன்று. அவருடைய தந்தையின் பெயர். குடும்பம் பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்ததால், அவருடைய பள்ளிப் படிப்பு கோயம்புத்தூரில் அமைந்தது. அப்பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள் படித்தனர். பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அச்சிறுவனை ஒருநாளும் விட்டதில்லை. பிறரோடு பழகினால் ஊரைக் கேட்பார்கள், உறவைக் கேட்பார்கள், வீடு எங்கே என்பார்கள். ஆகவே பள்ளிக்கு முன்னதாகவே வந்தாலும் உள்ளே போகாமல், எங்கேனும் ஒதுங்கி அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பிற்குள் நுழைவார். மாலையில் வகுப்பு கலைந்ததும், உடன் படிப்பவர்கள் வந்து சேர்ந்துகொள்ளாதபடி விரைந்து வீடு திரும்புவார். மற்றப் பிள்ளைகள் ஓடியாடி விளையாடுவதைக் கண்டு மனம் நொந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

இக்காட்சியைப் பழங்கதையாக வாசிக்க எங்களால் இயலவில்லை. வன்கொடுமைத் தடுப்பு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களாகிய எங்களிடம் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். நடந்த அவமதிப்பைத் தெளிவாக விவரிக்கிறார்கள், சாட்சிகளின் பெயர்களைக்கூடத் தருகிறார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புகார் அளிப்பதென்றால், புகார்தாரர் தம் சாதியைக் குறிப்பிட வேண்டும் என்று நாங்கள் விளக்கும் இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. விடுதி அறையில் உடனிருப்பவனுக்கு இது தெரியாது என்கிறார் ஒருவர். மதிப்பெண் எவ்வளவு, உதவித்தொகை எது என்ற கேள்விகளை மூன்றாண்டுகளாகச் சிரித்தே கடந்து வந்ததாகச் சொல்கிறார் இன்னொருவர். இம்மாணவர்களைக் கோழைகள் என்று கூறுவோரோடு நாங்கள் உடன்படுவதில்லை. மறைத்தல் என்பது பெரும்பாலும் படிப்பை முடிப்பதற்கான வழி. கோயம்புத்தூர்ச் சிறுவனும் அந்த வழியில்தான் படித்தார்.

படிப்பிற்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஆங்கிலம் அறிந்தவர், கையில் தொழில் உள்ளவர். நகரத்தின் கூட்டத்தில் கரைந்து, யாரென்று எவரும் அறியாமல் வாழ்ந்து முடித்திருக்கலாம்.

அவர் செய்தது வேறு. 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கி, அதற்குப் பறையன் என்று பெயரிட்டார். நான்கு பக்கங்களில் மாத இதழாக வெளிவந்து, விரைவிலேயே வார இதழாயிற்று. தெருவில் வசையாக எறியப்பட்ட சொல், முகப்பில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பள்ளியில் எந்தச் சொல் தம்மேல் விழுந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுங்கினாரோ, அதே சொல்லின்கீழ் ஆசிரியராகத் தம் பெயரை இட்டார். நான் இச்சமூகத்தவன் என்று ஒருவர் அஞ்சாமல் முன்வராத வரையில் உரிமை கேட்க ஆளே இருக்காது என்பது அவர் கண்ட காரணம். தனி மனிதத் துணிச்சலாக மட்டும் இதைப் புரிந்துகொண்டால் அவர் கணக்கு நமக்குப் பிடிபடாது.

அப்பெயரை அவருடைய இனத்தார் எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய தமக்கை அல்லது தங்கை முறையில் உறவு கொண்ட மைத்துனர் அயோத்திதாசர், அப்பெயரே பகைவர் சுமத்திய இழிவு என்று கருதி அதை அடியோடு மறுத்தவர். சாதியற்ற திராவிடர் என்றும், பின்னர்ப் பௌத்தர் என்றும் நம்மை அழைத்தவர். ஒரே குடும்பத்தில், ஒரே காலத்தில், ஒரே இழிவிற்கு இரண்டு மறுமொழிகள். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் தள்ள வேண்டிய கட்டாயம் இன்றைய வாசகருக்கு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. பிறர் வைத்த பொருளில் வாழ இருவருமே மறுத்தார்கள்.

அதே 1893இல் இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கோரியபோது, சீனிவாசன் எதிர் விண்ணப்பம் ஒன்றைத் திரட்டினார். அப்படி நடத்தினால் கல்வி பெற்ற மேல்சாதியினரே அதிகாரத்தில் அமர்ந்து நம்மை ஆள்வர் என்பது வாதம். 3,412 பேர் ஒப்பமிட்டனர். 112 அடி நீளமுள்ள அந்த விண்ணப்பம் இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்குச் சென்றது. அதன் அரசியல் சரியா என்று நாம் இன்றும் விவாதிக்கலாம். எங்கள் கவனம் அந்த ஒப்பங்களில் நிற்கிறது. ஊரறியத் தம்மை இன்னார் என்று எழுதிக்கொடுக்க 3,412 பேர் முன்வந்திருக்கிறார்கள். தனியே ஒதுங்கி அமர்ந்திருந்த சிறுவனுக்குப் பள்ளியில் ஒருவர்கூடத் துணையில்லை.

1900இல் இலண்டன் செல்லும் எண்ணத்தோடு புறப்பட்டவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற அவருடைய தீர்மானம் 1924இல் நிறைவேறி அரசாணையாயிற்று. தெருவில் நடக்க உரிமை உண்டு என்று ஓர் அரசு ஆணையிட வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தின் நிலையைக் காட்டும்.

பின்னர்தான் இலண்டன் வருகிறது. அம்பேத்கரோடு முதல் இரு வட்டமேசை மாநாடுகளிலும் பங்கேற்றார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். எனினும் அம்பேத்கரின் நிழலாக அவர் இருந்ததில்லை. இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் 1935இல் இயோலாவில் அறிவித்தபோது சீனிவாசன் மாறுபட்டார். வருணத்திற்குள் வராத நாம் இந்து மதத்திலேயே இல்லை, இல்லாத இடத்திலிருந்து வெளியேறுவது எப்படி என்பது அவர் கேள்வி. தம் மக்களின் மாபெரும் தலைவரோடும் தம் கருத்தில் தனித்து நிற்க அவர் தயங்கவில்லை.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அரசு பட்டங்கள் அளித்தது. எண்பது வயதை எட்டும் நிலையில், 1939இல், தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை வெளியிட்டார். சிறிய நூல். பெரிய நிகழ்வுகளைக்கூடச் சில வரிகளில் கடந்துவிடும் நூல். மன்னரைச் சந்தித்தவர் பள்ளி நாள்களின் அச்சத்தை விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அன்றைய சாட்சிகள் எவரும் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அந்த நானூறு மாணவர்களையும், மணி ஓசைக்காகக் காத்திருந்ததையும், விளையாட முடியாமற்போன வருத்தத்தையும் அவர் தம் கையால் எழுதிவைத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1945 செப்டம்பர் 18 அன்று சென்னையில் காலமானார்.