சர்க்கரையின் உருவம் கண்ட எமில் பிஷர்

கரும்பிலும் தேனிலும் கனிந்த திராட்சையிலும் உள்ள இனிமையை உணராதார் ஒருவருமிலர். ஆயினும், அவ்வினிய பொருளினுள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் வினாவிற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை விடை கிடைத்திலது. அவ்விடையைக் கண்டவர் ஜெர்மானிய இரசாயன அறிஞராகிய எமில் பிஷர். இரசாயனம் பயிலும் மாணவர் அவர் பெயரைச் சர்க்கரைகளைத் தாளில் எழுதிக் காட்டும் ஒரு முறையின் பெயராகவே அறிவர். அவர் வாழ்ந்தவாறும், அவ்வாழ்வில் அவர் செலுத்திய விலையும் பாடநூல்களிற் காணப்படுவன அல்ல.

பிஷர் 1852-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ஆம் நாள், கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள ஆய்ஸ்கிர்கென் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் லாரென்ஸ் பிஷர் செல்வம் மிக்க வணிகர். பெண்மக்கள் ஐவரை அடுத்துப் பிறந்த மைந்தன் ஆதலின், தம் தொழிலை இவனே ஏற்று நடத்துவான் என அவர் பெரிதும் எதிர்பார்த்தார். பள்ளிப்படிப்பு முடிந்ததும் பிஷர் மர வாணிகத்தில் பழகுமாறு விடப்பட்டார். கணக்கேடுகளில் அவர் மனம் செல்லவில்லை. வணிகத்திற்கு வேண்டும் கூர்மை இவனிடம் இல்லை, ஆகையால் படிக்கத்தான் அனுப்ப வேண்டும் என்று தந்தையார் முடிவு செய்தனராம். அறிவு போதாமையால் ஒருவன் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பப்பட்ட கதை இஃது ஒன்றே போலும்!

1871-இல் பான் நகரப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்து, கெக்குலே என்னும் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்டார். எனினும் அவர் நாட்டம் பௌதிகத்தின் மீதே இருந்தது. சிறிய தந்தையார் மகனாகிய ஆட்டோ பிஷர் என்பார் அவரைத் தடுத்து, இரசாயனத்தைக் கைவிடலாகாதென வற்புறுத்தி, 1872-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு உடனழைத்துச் சென்றார். அங்கே அடால்ப் பேயர் என்னும் ஆசிரியரின் கீழ்ப் பயின்று, 1874-இல் சாயப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு, 1875-இல், தற்செயலாக ஒரு புதிய பொருள் அவர் கையில் அகப்பட்டது. அதற்குப் பினைல் ஹைட்ரஜீன் என்பது பெயர். அவருடைய புகழுக்கும் அவருடைய நோய்க்கும் இதுவே வித்தாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்றும் நிரம்பவில்லை.

ஈண்டுச் சர்க்கரைகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சர்க்கரை, மாவு, பஞ்சு என்னும் இவை யாவும் கரி, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்ற மூன்று தனிமங்களால் மட்டுமே ஆயவை. இவற்றில் பின்னிரண்டும் நீரில் எவ்விகிதத்தில் உள்ளனவோ அவ்விகிதத்திலேயே அமைந்திருத்தலால், முன்னோர் இவற்றைக் கரியோடு நீர் சேர்ந்தவை எனக் கருதிக் கார்போஹைட்ரேட்டுகள் எனப் பெயரிட்டனர். பெயர் நிலைத்துவிட்டதாயினும் கருத்துச் சரியன்று. இவற்றினுள் நீர் நீராக இருப்பதில்லை. கரும்புச் சர்க்கரையின் ஒரு மூலக்கூற்றில் கரியணு 12, ஹைட்ரஜன் 22, ஆக்ஸிஜன் 11 உள. நீர்த்த அமிலத்தோடு காய்ச்சினால் அது ஒரு நீர் மூலக்கூற்றை ஏற்று இரண்டாகப் பிளவுபடும். ஒரு பாதி திராட்சைச் சர்க்கரையாகிய குளூக்கோஸ். மற்றது பழச் சர்க்கரையாகிய பிரக்டோஸ். வியப்பு யாதெனின், இவ்விரண்டிலும் கரி 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6 என அணுக்களின் எண்ணிக்கை முற்றும் ஒன்றே. பாலின் சர்க்கரையைப் பிளந்தாற் குளூக்கோஸுடன் கிடைக்கும் காலக்டோஸும் அவ்வெண்ணிக்கையே உடையது. எண்ணிக்கை ஒன்றாயிருக்க, இயல்பு வேறுபடுவானேன்?

1874-இல் வான்ட் ஹாப், லெ பெல் என்னும் இருவர், ஒருவரையொருவர் கலவாமலே, இதற்கு ஒரு வழி காட்டியிருந்தனர். கரியணுவின் நான்கு கைகளும் ஒரே தளத்தில் இராமல் நாற்புறமும் விரிந்திருப்பதால், நான்கு கைகளிலும் வெவ்வேறு கூட்டங்கள் பற்றியிருப்பின், வலக்கையும் இடக்கையும் போல இரண்டு அமைப்புக்கள் உண்டாகும் என்பது அவர்கள் கொள்கை. குளூக்கோஸில் அத்தகைய கரியணுக்கள் நான்கு. ஒவ்வொன்றும் இரு வகையில் நிற்கலாமாகையால், இரண்டை நான்குமுறை பெருக்கப் பதினாறு சர்க்கரைகள் இருத்தல் கூடும். அப்பதினாறில் குளூக்கோஸ் எது?

வினாவை எழுப்புதல் எளிது. சர்க்கரைகளைக் கையாளுதலோ பெருந்துன்பம். அவை ஒன்றோடொன்று கலந்து பிசுபிசுத்த பாகாக நின்று, படிகமாக உறைய மறுப்பவை. படிகமாகாத பொருளைத் தூய்மை செய்வதெங்ஙனம்? 1884-இல் பிஷர் தம் பினைல் ஹைட்ரஜீனைச் சர்க்கரைகளோடு சேர்த்துக் காய்ச்சினார். பாகாயிருந்த பொருள் அழகிய மஞ்சள் படிகமாகப் பிரிந்தது. ஓசஜோன் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். கல்லூரி ஆய்வுச்சாலைகளில் நுண்காட்டியின் கீழ் அவ்வூசிப் படிகங்களைக் கண்டு மகிழ்ந்த மாணவர் இதனை நன்கு நினைவு கூர்வர். குளூக்கோஸ், பிரக்டோஸ், மானோஸ் ஆகிய மூன்றும் ஒரே ஓசஜோனைத் தருகின்றன. அப்பொருள் தாக்குவது சங்கிலியின் முதல் இரண்டு கரியணுக்களை மட்டுமே. ஆகவே எஞ்சிய நான்கு கரியணுக்களின் அமைப்பு மூன்று சர்க்கரைகளிலும் ஒன்றே என்பது உடனே பெறப்பட்டது. ஒரு குப்பி மஞ்சள் தூளிலிருந்து இத்துணைச் செய்தியைக் கறந்தெடுத்த கூர்மையை என்னென்பது!

இதற்கிடையில் அவர் மியூனிக், எர்லாங்கன் என்னும் நகரங்களிற் பணியாற்றி, 1885-இல் வூர்ஸ்பர்க் நகரப் பேராசிரியரானார். பெருஞ்சாய ஆலையொன்று மிகப் பெரிய ஊதியத்தோடு தன் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்க அவரை அழைத்ததுண்டு, அதனை மறுத்தார். மகனுக்குக் கூர்மையில்லையெனக் கருதிய தந்தையாரின் செல்வமே அவ்வாறு மறுக்கும் உரிமையை அவருக்கு அளித்தது.

வூர்ஸ்பர்க்கில் டாபெல் என்பாரின் துணையோடு, சர்க்கரையைச் செயற்கையாகவே ஆக்கும் முயற்சியில் இறங்கினார். கொழுப்பிலிருந்து கிடைக்கும் கிளிசரின் மூன்று கரியணு உடையது. அதனைச் சிறிதளவு ஆக்ஸிஜனேற்றிக் காரத்தோடு சேர்க்க, மூன்றும் மூன்றும் கூடி ஆறாகி ஒரு சர்க்கரை உண்டாயிற்று. ஆனால் அஃது இயற்கைச் சர்க்கரையும் அதன் கண்ணாடிப் பிம்பமும் சரிபாதியாகக் கலந்த கலவை. பிரிப்பது யாங்ஙனம்? அவர் ஈஸ்ட் என்னும் நொதியத்தின் உதவியை நாடினார். அச்சிற்றுயிர் இயற்கை உருவினதை உண்டுவிட்டுப் பிம்பத்தைத் தீண்டாது விட்டது. ஆனால் பிஷருக்கு வேண்டியதோ அது தின்றுவிட்ட பாதி! ஆகவே மானோஸிலிருந்து பெறும் அமிலத்தை எட்டியிலுள்ள ஸ்டிரிக்னைன் போன்ற பொருள்களோடு உப்பாக்கிப் பிரித்து, படிப்படியாக 1890-இல் இயற்கைக் குளூக்கோஸையே அடைந்தார். உயிருள்ள செடி சூரிய ஒளியில் ஆக்குவதை ஆய்வுச்சாலையில் ஒரு மனிதன் ஆக்கினான்.

1891-இல் முடிச்சு அவிழ்ந்தது. ஐந்து கரியணுவுடைய அராபினோஸை நீட்டினால், குளூக்கோஸ், மானோஸ் இவற்றின் பிம்பங்கள் இரண்டும் கிடைக்கின்றன. எனவே இவ்விரண்டும் இரண்டாம் கரியணு ஒன்றில் மட்டுமே வேறுபடும். இவ்விருவரில் எவ்வமைப்பு எவருடையது? நைட்ரிக் அமிலம் சர்க்கரையின் இரு முனைகளையும் அமிலமாக்கி, தலை எது கால் எது என்ற வேற்றுமையை அழித்துவிடும். குளூக்கோஸிலிருந்து இவ்வாறு கிடைக்கும் அமிலத்தையே குலோஸ் என்ற மற்றொரு சர்க்கரையும் தருவதைப் பிஷர் கண்டார். அதாவது, குளூக்கோஸைத் தலைகீழாக மாற்றினால் வேறொரு சர்க்கரையாகும். ஆய்விலிருந்த இரண்டு அமைப்புக்களில் ஒன்றை எவ்வாறு தலைகீழாக்கினும் அது மீண்டும் தானேயாகும். அது மானோஸாதல் வேண்டும். மற்றதே குளூக்கோஸ். அணுவைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லாத காலத்தில், தராசும் வெப்பமானியும் ஒளியின் தளத்தைத் திருப்பும் அளவுகோலும் மட்டுங்கொண்டு பெற்ற முடிபு இது. இரசாயன சாஸ்திரத்தில் இதனினும் நேரிய தருக்கத்தை யாம் கண்டிலோம்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சியது. குளூக்கோஸின் அமைப்பும் அதன் பிம்பத்தின் அமைப்பும் என இரண்டு உருவங்களில் எதனை எதற்கு வைப்பதென அக்காலத்து எச்சோதனையாலும் அறிய இயலாது. ஒன்றைத் துணிந்து தேர்ந்தார். அத்தேர்வு சரியாதற்கும் தவறாதற்கும் வாய்ப்புச் சமமாகவே இருந்தது. பிஷர் மறைந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 1951-இல் ஹாலந்து நாட்டுப் பைவூட் என்பார் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒரு டார்ட்டாரிக் அமில உப்பை ஆராய்ந்தபொழுது, பிஷரின் துணிபே சரியென்று தெளிவாயிற்று. மாறாயிருப்பின் அதுகாறும் அச்சிட்ட நூல்களில் எல்லாச் சர்க்கரைகளையும் இடம் வலமாகத் திருத்த நேர்ந்திருக்கும்!

1892-இல் பெர்லின் நகரப் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. 1893-இல் குளூக்கோஸை மரச்சாராயத்தோடு இணைத்து இருவகைப் பொருள்களுக்கு வழி வகுத்தார். அவ்விரண்டும் ஒரே ஓர் இணைப்பின் திசையில் மட்டும் வேறுபடுவன. ஈஸ்டின் நொதி ஒன்றைப் பிளந்தது, மற்றதைத் தொடவில்லை. வாதுமைப் பருப்பின் நொதியோ அதற்கு நேர்மாறாக நடந்தது. நொதியும் அது தாக்கும் பொருளும் பூட்டும் திறவுகோலும் போலப் பொருந்த வேண்டுமென்று 1894-இல் அவர் எழுதினார். அரிசியின் மாவும் பஞ்சும் குளூக்கோஸ் என்னும் ஒரே மணியைக் கோத்த மாலைகள். இணைப்பின் திசை ஒன்றே வேறு. நம் உடலில் ஒன்றிற்குத் திறவுகோல் உண்டு, மற்றதற்கு இல்லை. அதனாற்றான் சோறு உணவாகிறது, வேட்டி உணவாவதில்லை.

1902-இல் சர்க்கரைகளையும், யூரிக் அமிலம், காப்பியிலுள்ள கஃபீன் முதலியவற்றை உள்ளடக்கிய பியூரின் குடும்பத்தையும் ஆராய்ந்தமைக்காக நோபெல் பரிசு பெற்றார். இரசாயனத்தில் அப்பரிசைப் பெற்றவருள் அவர் இரண்டாமவர். முதல்வர் முற்கூறிய வான்ட் ஹாப். பின்னர்ப் புரதங்களை நோக்கித் திரும்பி, 1907-இல் பதினெட்டு அமினோ அமிலங்களை ஒரே தொடராகக் கோத்தார்.

இனி விலையைக் கூறுவோம். பினைல் ஹைட்ரஜீன் கொடிய நஞ்சு. அக்காலத்து ஆய்வுச்சாலைகளிற் காற்றோட்டம் போதாது. கையுறையும் எவரும் அணிந்திலர். பல்லாண்டு அதனோடு பழகியதால் தோலிற் படையும் வயிற்றில் தீராத கோளாறும் அவரைப் பற்றின. 1888-இல் அவர் மணந்த ஆக்னெஸ் அம்மையார், எர்லாங்கன் உடற்கூற்றுப் பேராசிரியரின் மகளார், ஏழே ஆண்டுகள் உடன் வாழ்ந்து மூன்று ஆண்மக்களை விட்டு 1895-இல் காலமானார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1914-இல் போர் மூண்டது. ஜெர்மானிய அறிஞர் தொண்ணூற்று மூவர் தம் நாட்டின் செயலை ஆதரித்து வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார்; பின்னர் அதற்காக வருந்தினார். வெடிமருந்துக்கும் உணவுக்கும் வேண்டிய பொருள்களை ஆக்கும் பணிகளை ஒழுங்குபடுத்துவதில் அவர் காலம் கழிந்தது. அப்போர்க் காலத்திலேயே மைந்தர் இருவரை இழந்தார்: ஒருவர் கட்டாயப் படைப்பயிற்சியின் துயரம் தாளாது தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார், மற்றவர் போர்ப்பணியில் உயிர் நீத்தார். நோயும் துயரும் ஒருங்கு வருத்த, 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் நாள் பெர்லினில் பிஷரின் வாழ்வு முடிந்தது.

எஞ்சிய மூத்த மைந்தர் ஹெர்மன் தந்தையாரின் துறையையே மேற்கொண்டு, மூன்று கரியணுவுடைய சிறு சர்க்கரைகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். ஜெர்மனியை விட்டு 1932-இல் ஸ்விட்சர்லாந்திலுள்ள பாசல் நகருக்கும், 1937-இல் கனடாவின் டொரான்டோவிற்கும், 1948-இல் அமெரிக்காவின் பெர்க்லிக்கும் அவர் சென்றார். தந்தையார் சேர்த்துவைத்த சர்க்கரைகள் முதலிய பொருள்கள் அடங்கிய குப்பிகளையும் அவர் தம்முடன் பேணிக் கொண்டுபோனார்.