ஹெலிகாப்டர் கண்ட சிகோர்ஸ்கி

தோற்றுவாய்

கடல் பெரிது, அதன்மேற் செல்லும் கலம் சிறிது. காற்று அமைதியாக வீசும் நாளில் கலம் கடலை வென்றதுபோலத் தோன்றும். புயல் எழுந்த நாளிலோ, எத்துணைப் பெரிய கலமும் அலைகளின் கைப்பந்தாகிவிடும். கலம் உடைந்து, பலகையொன்றைப் பற்றிக்கொண்டு தத்தளிப்போரைக் கரையில் நிற்போர் காண்பர். ஆயினும் காப்பாற்ற வழியறியாது கலங்குவர். படகு செலுத்தினால் அப்படகும் கவிழும். விமானம் பறந்து சென்றாலும் அது தத்தளிப்போரின் தலைக்குமேல் விரைந்து கடந்துவிடுமேயன்றி ஓரிடத்தில் நில்லாது. பறக்கவும் வேண்டும், பறந்தவாறே நிற்கவும் வேண்டும், நின்ற இடத்திலிருந்து கயிற்றை இறக்கவும் வேண்டும். இம்மூன்றும் செய்யவல்ல ஊர்தி ஹெலிகாப்டர் ஆகும். அதனைச் செம்மைப்படுத்தி உலகிற்கு அளித்த அறிஞர்களுள் தலைசிறந்தவர் இகோர் சிகோர்ஸ்கி என்பவர்.

பிறப்பும் இளமையும்

சிகோர்ஸ்கி 1889ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் கீவ் நகரில் பிறந்தார். இன்று உக்ரைன் நாட்டின் தலைநகராய் விளங்கும் அந்நகரம், அக்காலத்தில் ருஷியப் பேரரசிற்கு உட்பட்டிருந்தது. தந்தையார் மனநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற பேராசிரியர். தாயாரும் மருத்துவக் கல்வி பயின்றவர். அவ்வம்மையார் தம் இளைய மகனுக்கு, இத்தாலி நாட்டு ஓவியராகிய லியனார்டோ டா வின்சியைப் பற்றி அடிக்கடி எடுத்துரைப்பார். பறக்கும் பொறிகளை எழுதிப் பார்த்த அவ்வோவியரின் வரலாறு, சிறுவன் உள்ளத்தில் பசுமரத்தாணிபோற் பதிந்தது. பன்னிரண்டு வயதளவில் அவர், முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையால் மேலெழும் சிறு பறவைப்பொறி ஒன்றைத் தம் கையாலேயே செய்தார்.

அக்காலத்தில் அவர் ஒரு கனவு கண்டாராம். அழகிய மரக்கதவுகள் இருபுறமும் அமைந்த ஒடுங்கிய நடையொன்றில் அவர் நடந்து செல்கின்றார். மேலே நீலம் பாய்ந்த விளக்கொளி. காலடியில் மெல்லிய அதிர்வு. தாம் நடப்பது வானிற் செல்லும் பெருங்கலத்தினுள் என்பதை உணர்ந்த அளவில் விழித்துக்கொண்டார். மனிதன் இன்னும் பறந்திலனே என்று பெற்றோர் அக்கனவைத் தள்ளினர். சிறுவரோ அதனை மறக்கவில்லை.

1903ஆம் ஆண்டு அவர் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கடற்படைப் பள்ளியிற் சேர்ந்தார். மூன்றாண்டுகள் பயின்றபின், தம் நாட்டம் பொறியியலிலேயே உள்ளது என்று தெளிந்து அப்பள்ளியை விட்டு நீங்கினார். பின்னர்க் கீவ் நகரத்துத் தொழிற்கல்லூரியிற் புகுந்தார். 1908ஆம் ஆண்டு தந்தையாருடன் ஜெர்மனி சென்றபோது, ரைட் உடன்பிறந்தார் பறந்த செய்தியை நாளிதழில் கண்டார். அன்றே அவர் வாழ்வின் வழி முடிவாயிற்று.

தோல்வியும் துணிவும்

தமக்கையார் ஓல்கா பொருளுதவி செய்ய, சிகோர்ஸ்கி 1909ஆம் ஆண்டு பாரிஸ் சென்று, இருபத்தைந்து குதிரைத்திறன் உடைய இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். அதனைக்கொண்டு தம் வீட்டுத் தோட்டத்திலேயே ஹெலிகாப்டர் ஒன்றை அமைத்தார். அது நடுங்கிற்று; குலுங்கிற்று; மண்ணை விட்டு எழவில்லை. 1910ஆம் ஆண்டு இரண்டாவது பொறியை அமைத்தார். அது தன் எடையை மட்டும் தூக்கிக்கொண்டு எழுந்தது. ஓட்டுநரைத் தூக்கும் வலிமை அதற்கில்லை. இயந்திரங்கள் இன்னும் வலிமை பெறவேண்டும், தம் அறிவும் இன்னும் முதிரவேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். ஆதலின் ஹெலிகாப்டரை ஒருபுறம் வைத்துவிட்டு விமானம் அமைக்கத் தொடங்கினார். வைத்தாரேயன்றி மறந்தாரில்லை.

ஒருநாள் அவர் பறந்துகொண்டிருந்தபோது இயந்திரம் திடீரென நின்றது. அரிதின் முயன்று தரையில் இறங்கி ஆராய்ந்தார். எண்ணெய் செல்லும் நுண்துளையில் கொசு ஒன்று அடைத்திருக்கக் கண்டார். ஒரு கொசு ஓர் உயிருக்கு இறுதி தேடுவதா என்று எண்ணினார். ஓர் இயந்திரம் நின்றாலும் பிற இயந்திரங்கள் காக்குமாறு விமானம் அமைதல் வேண்டும் என்னும் கருத்து அன்று உதித்தது. அதன் பயனாக, 1913ஆம் ஆண்டு நான்கு இயந்திரங்களையுடைய விமானத்தை உலகில் முதன்முதல் அமைத்துப் பறந்து காட்டினார். அத்துணைப் பெரிய விமானம் எழாது என்று கூறியோர் நாணினர். 1914ஆம் ஆண்டு அதனினும் பெரிய விமானத்தில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவ் வரை சென்று மீண்டார். வழியில் இயந்திரம் ஒன்றில் தீப்பற்ற, தோழர் இருவர் இறக்கைமீது ஏறிச்சென்று தம் மேலாடைகளால் அத்தீயை அணைத்தனர். ஊர்தியைப் படைத்தவர் தாமே அதில் முதற்கண் ஏறிப் பறத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பிறர் உயிரைச் சோதனைக்கு உட்படுத்த அவர் உடன்பட்டிலர்.

புலம்பெயர்ந்த வாழ்வு

1917ஆம் ஆண்டு ருஷியாவில் புரட்சி எழுந்தது. மறு ஆண்டு சிகோர்ஸ்கி தாய்நாட்டை விட்டு நீங்கினார்; 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். அவர்பால் செல்வமில்லை, அந்நாட்டு மொழியிலும் தேர்ச்சியில்லை. பேரரசு போற்றிய பொறியறிஞர், தம்மைப்போல் நாடுவிட்டு வந்த தொழிலாளர்க்கு மாலைநேரத்திற் கணக்குக் கற்பித்து வயிறு வளர்த்தார்.

1923ஆம் ஆண்டு, நண்பர் ஒருவரின் கோழிப்பண்ணையில் விமானத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். தொழிலாளர் பலர் ஊதியத்தையும் கருதாது உழைத்தனர். பொருள் முற்றும் தீர்ந்து தொழில் முடங்கவிருந்த வேளையில், ருஷிய இசைப்புலவராகிய ராஹ்மானினோவ் 5,000 டாலர் கொடுத்துக் காத்தார். 1924ஆம் ஆண்டு முதல் விமானம் முதல் ஓட்டத்திலேயே விழுந்து சிதைந்தது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் பறக்கவிட்டனர். 1926ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலைக் கடக்கப் புறப்பட்ட அவருடைய விமானம் ஓடுதளத்திலேயே எரிந்து, அதிலிருந்த இருவர் மாண்டனர். இத்துன்பமும் அவரை வீழ்த்தவில்லை. நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல விமானங்களை அமைத்தார். அவை அவருக்குப் புகழும் பொருளும் ஈட்டின. 1928ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமகனானார். 1931ஆம் ஆண்டு தாம் அமைத்த பெரிய நீர்விமானம் ஒன்றினுள் நடந்து சென்றபோது, மரச்சுவர்களும் நீலவிளக்கும் கண்ணிற்பட்டன. சிறுவயதில் கண்ட கனவின் நடையில் தாம் நிற்பதை அவர் அன்று உணர்ந்தாராம்.

ஹெலிகாப்டர் எழுந்தது

1938ஆம் ஆண்டளவில் நீர்விமானத் தொழில் நலிந்தது. அப்போது சிகோர்ஸ்கி, தம் குழுவினரைக் கலைத்துவிடாது ஹெலிகாப்டர் அமைக்க விடுமாறு நிறுவனத் தலைவர்களை வேண்டினார். இசைவு கிடைத்தது. இளமையில் ஒருபுறம் வைத்த பணியை ஐம்பதாம் வயதை நெருங்குங்கால் மீண்டும் கையில் எடுத்தார்.

அப்பணியின் அருமையைச் சிறிது நோக்குவோம். தலைக்குமேலுள்ள பெரிய சுழலி ஒருபுறமாகச் சுழலும்போது, கீழேயுள்ள உடற்பகுதி அதற்கு எதிர்ப்புறமாகச் சுழல முயலும். அதனைத் தடுக்காவிடின் ஓட்டுநர் பம்பரம்போற் சுழல்வார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் சிலர் இரண்டு பெரிய சுழலிகளை அமைத்து, ஒன்றன் விசையை மற்றொன்றால் தடுத்துப் பறந்தனர். சிகோர்ஸ்கியோ மேலே ஒரு பெருஞ்சுழலியையும், வாலின் முனையில் பக்கவாட்டில் இயங்கும் சிறுசுழலியையும் அமைத்தார். சிறியது வாலைத் தள்ளிப் பிடிக்க, உடல் சுழலாது நின்றது. இன்று உலகில் பறக்கும் ஹெலிகாப்டர்களில் மிகப்பல இம்முறையைப் பின்பற்றியவையே.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அவருடைய வி.எஸ். 300 என்னும் ஹெலிகாப்டர் முதன்முதலாகத் தரையை விட்டு எழுந்தது. கயிறுகளாற் கட்டப்பட்டிருந்த அதனைத் தொப்பி அணிந்தவாறு அவரே இயக்கினார். 1940ஆம் ஆண்டு மே மாதம் கட்டின்றிப் பறந்தது. அதன் அமைப்பைப் பன்முறை மாற்றினார், பன்முறை இடருற்றார். 1941ஆம் ஆண்டு மே மாதம், ஒரு மணி 32 நிமிடத்திற்கு மேல் வானில் நின்று உலகச் சாதனை நிகழ்த்தினார். அதன் வழிவந்த ஆர்-4 என்பதே முதன்முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட அமெரிக்க ஹெலிகாப்டர்.

உயிர்காத்த ஊர்தி

உலகப்போர் நிகழ்ந்த காலமாதலின் அவ்வூர்தி படைக்குச் சென்றது. ஆயினும் அது முதலிற் பெற்ற புகழ் உயிர்களைக் காத்ததனால் வந்த புகழே. 1944ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க்கை அடுத்த கடலில் போர்க்கப்பல் ஒன்று வெடித்து மாலுமிகள் பலர் புண்பட்டனர். பனிப்புயலில் விமானங்கள் எழ இயலாத வேளையில், ஹெலிகாப்டர் ஒன்று குருதிநீர் கொண்டுபோய்க் கொடுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில், நம் நாட்டின் அஸ்ஸாம் பகுதியிலுள்ள லாலாகாட் என்னும் தளத்திலிருந்து புறப்பட்ட ஆர்-4 ஒன்று, பர்மாக் காட்டில் விமானம் வீழ்ந்து சிக்கியிருந்த நால்வரை மீட்டது. ஒருமுறைக்கு ஒருவரையே சுமக்க வல்லதாதலின், ஓட்டுநர் நான்கு முறை சென்று நால்வரையும் கொணர்ந்தார்.

கடல்மீட்பில் மறக்கவொண்ணாத நாள் 1945ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆகும். அமெரிக்காவின் கனெக்டிகட் கரைக்கு அருகில், எண்ணெய் ஏற்றும் மிதவைக்கலம் ஒன்று புயலில் அறுபட்டுக் கடற்பாறைத் திட்டில் மோதியது. அதில் இருவர் இருந்தனர். அலைகள் கலத்தை உடைக்கத் தொடங்கின. கரையில் மக்கள் திரண்டனர். படகுகளோ அணுக இயலவில்லை. அண்மையிலிருந்த சிகோர்ஸ்கியின் தொழிற்சாலைக்குச் செய்தி சென்றது. அவருடைய தமக்கை மகன் டிமிட்ரி வைனர் ஹெலிகாப்டரைச் செலுத்த, பெய்கிள் என்னும் படைத்தலைவர் கயிற்றை இழுக்கும் பொறியை இயக்கினார். கடுங்காற்றில் ஊர்தி கலத்தின்மேல் அசையாது நின்றது. முதலாமவர் மேலே இழுக்கப்பட்டுக் கரை சேர்ந்தார். இரண்டாமவரை இழுக்கும்போது பொறி இறுகி நின்றுவிட்டது. உள்ளே ஏற இயலாத நிலையில், ஊர்தியோடு தொங்கியவாறே அவரும் கரை சேர்ந்தார். பொதுமக்களைக் கடலிலிருந்து ஹெலிகாப்டர் கயிற்றால் தூக்கிக் காத்த முதல் நிகழ்ச்சி இதுவே.

பொறியும் மனிதனும்

சிகோர்ஸ்கி 1957ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஆயினும் தொழிற்சாலைக்கு வருவதை விட்டாரில்லை. எந்த மூலையில் ஹெலிகாப்டர் ஓர் உயிரைக் காத்தாலும் அச்செய்தியைக் கேட்டுக் களிப்பதே அவர்தம் முதுமையின் இன்பமாய் இருந்தது. பணிவும் இன்சொல்லும் உடையவராய் வாழ்ந்த அவர், 1972ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் தம் எண்பத்து மூன்றாம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்து பத்தாண்டு கழித்து நிகழ்ந்த துயரம் ஒன்று, அவர் பணியின் எஞ்சிய பகுதியை உலகிற்கு உணர்த்திற்று. 1983ஆம் ஆண்டு பிப்ரவரியில், நிலக்கரி ஏற்றிய மரைன் எலக்ட்ரிக் என்னும் கப்பல் அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரைக்கப்பால் கவிழ்ந்தது. ஹெலிகாப்டர் வந்து கூடையை இறக்கிற்று. உறைபனி அனைய நீரில் விறைத்த மாலுமிகளுக்கோ அக்கூடையைப் பற்றவும் கை எழவில்லை. 34 பேரில் மூவரே உயிர் தப்பினர். கயிறு மட்டும் போதாது, கயிற்றோடு கடலில் குதித்துத் தத்தளிப்போரைத் தழுவி எடுக்கும் மனிதனும் வேண்டும் என்பது அன்று தெளிவாயிற்று. மறு ஆண்டே அந்நாட்டில் மீட்பு நீச்சல் வீரரைப் பயிற்றச் சட்டம் இயற்றப்பட்டது. பொங்கும் அலையில் தாமே குதித்து, பிறரை முதலில் மேலே அனுப்பிவிட்டு, தாம் இறுதியில் ஏறுவோர் அவ்வீரர். பொறியின் ஆற்றலும் மனிதனின் அருளும் ஒன்றுசேர்ந்தபோதே மீட்புப்பணி முழுமை பெறுகிறது.

நம் நாட்டில்

நம் கடற்படையில் நெடுங்காலம் பணிபுரிந்த சீ கிங் ஹெலிகாப்டர்கள் சிகோர்ஸ்கி நிறுவனத்தின் அமைப்பைத் தழுவியவை. ஜவ்வாது மலைக்கு வடகிழக்கே, சமவெளியில் அமைந்த அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். இராஜாளி என்னும் கடற்படை வானூர்தித் தளம் 1992ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. கடற்படையின் ஹெலிகாப்டர் ஓட்டுநர்கள் அங்கே பயிற்சி பெறுகின்றனர். 2018ஆம் ஆண்டு கேரளத்தில் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, நிறைசூலி ஒருத்தியைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிற்றால் தூக்கிச் சென்றது. அன்றே அவள் ஆண்மகவு ஈன்றாள். 2021ஆம் ஆண்டு மே மாதம் மும்பைக்கப்பால் புயலில் மிதவைக்கலம் ஒன்று மூழ்கியபோது, கடற்படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் தேடி, 180 பேருக்கு மேற்பட்டோரை மீட்டன.

கடலைக் காணாத மலைவாழ் மாணவர், இவ்வூர்தியால் நமக்கென்ன பயன் என்று எண்ணுதல் கூடும். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, பாலாற்றோடு கலந்து வங்கக்கடலை நாடிச் செல்கின்றது. மலைக்கும் கடலுக்கும் உறவு அத்துணை நெருக்கமானது. சாலை எட்டாத மலைச் சிற்றூர்களில் நோயுற்றோரை டோலி கட்டித் தோளில் சுமந்து வருவோரின் உள்ளமும், அலையில் குதிக்கும் வீரரின் உள்ளமும் வேறு வேறு அல்ல. ஓடுதளம் வேண்டாத ஹெலிகாப்டருக்கு மலைமுகடும் கடற்பரப்பும் ஒன்றே.

முடிவுரை

இருபதாம் வயதில் தோற்ற முயற்சியை ஐம்பதாம் வயதில் வென்றவர் சிகோர்ஸ்கி. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நாட்டை இழந்தார், பொருளை இழந்தார், குறிக்கோளை இழந்தாரில்லை. ஆர்-4 ஒரே மனிதனைச் சுமந்து பறந்தது. அதன் வழிவந்தவை இன்று புயலிடையே பலரைச் சுமந்து மீள்கின்றன. அவர் கண்ட ஊர்தியின் கயிற்றில் தொங்கிக் கரையேறியோர் பல்லாயிரவர். அவர்களுட் பலர் அவர் பெயரையும் அறியார். ஆயினும் அவர்கள் உண்ணும் ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் அப்பெருமகனாரின் உழைப்பு கலந்துள்ளது.