காவல் அணுக்களைக் கண்டவர்

உடலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குவதை நாம் அறிவோம். அவ்வீக்கத்தைப் பன்னெடுங்காலம் மக்கள் நோயின் கொடுமை என்றே எண்ணினர். நோயை எதிர்த்து உடல் தொடுக்கும் போரே அது என்று உலகிற்கு உணர்த்தியவர் இலியா மெச்னிக்காவ் என்னும் அறிஞர்.

இவர் 1845ஆம் ஆண்டில், அந்நாளில் உருசியப் பேரரசிற்கு உட்பட்டிருந்த உக்ரைனில், கார்க்கவ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்குரிய பல்கலைக்கழகப் பாடங்களை இரண்டே ஆண்டுகளில் கற்றுத் தேறினார். ஒதெசா நகரில் விலங்கியல் பேராசிரியராகவும் அமர்ந்தார். ஆயினும், அவர் மணந்த லுத்மீலா என்னும் நங்கை காச நோயால் நலிந்து 1873இல் உயிர் நீத்தார். மருத்துவம் பயனற்றுப் போனமை கண்டு மெச்னிக்காவ் மனமுடைந்தார். பின்னர் ஒல்கா என்பாரை மணந்து ஒருவாறு தேறினார்.

பல்கலைக்கழகத்தில் எழுந்த அரசியற் பூசல்களால் வெறுப்புற்று, 1882இல் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகரில் குடும்பத்துடன் தங்கினார். ஒருநாள் வீட்டார் அனைவரும் பழக்கிய குரங்குகளின் வித்தைகளைக் காணச் சர்க்கசுக்குச் சென்றிருந்தனர். அவர் மட்டும் தனித்திருந்து, நட்சத்திர மீனின் குஞ்சுகளை உருப்பெருக்கி வழியே நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அவ்வுடல்களினுள்ளே சில அணுக்கள் இங்குமங்கும் ஊர்ந்து திரிந்தன. இவை பகையைத் தடுக்கும் காவலர்களோ என்னும் எண்ணம் அவருள்ளத்தில் மின்னலெனத் தோன்றிற்று. உடனே தோட்டத்திற்கு விரைந்தார். ரோசா முட்கள் சிலவற்றைக் கொய்து வந்து, அச்சிற்றுயிர்களின் தோலின் கீழ்ச் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் நோக்கினார். முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் திரண்டு நின்றன!

அடுத்து நீர்த்தெள்ளுப்பூச்சியை ஆராய்ந்தார். அதன் குடலைத் துளைத்து நுழைந்த பூஞ்சை வித்துகளை இவ்வணுக்கள் சூழ்ந்து விழுங்கின. அணுக்கள் வென்றால் பூச்சி பிழைத்தது, தோற்றால் மடிந்தது. விழுங்கும் அணுக்கள் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இவற்றிற்குச் சூட்டினார். நம் குருதியின் வெள்ளணுக்களுள் பல இவ்வினத்தனவே.

செருமானிய அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. குருதிநீரில் கரைந்துள்ள பொருள்களே நோயைத் தடுப்பன என்று வாதிட்டனர். பாரிசில் பாஸ்டர் தம் நிலையத்தில் 1888இல் மெச்னிக்காவுக்கு இடமளித்தார். வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1908இல் நோபெல் பரிசு அவருக்கும், எதிர்க்கொள்கையினரான பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு திறத்தார் கூற்றும் உண்மையே என்பது இன்று தெளிவு.

காவலர் உள்ள இடத்தில் அவரை ஏய்க்கும் கள்வரும் உளர். லுத்மீலாவைக் கொன்ற காசக் கிருமி, விழுங்கப்பட்ட பின்னும் செரிக்கப்படாமல் அணுவினுள்ளேயே வாழ வல்லது. டெங்கு வைரசோ அக்காவலணுக்களையே தன் இல்லமாக்கிப் பெருகுகிறது. வைரசு நுழைந்த அணு, இண்டர்பெரான் என்னும் பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரிக்கும். இதனை ஐசக்சும் லிண்டன்மானும் 1957இல் இலண்டனில் கண்டறிந்தனர். இன்புளுவென்சா வைரசு, தனக்கென ஒரு புரதத்தை உண்டாக்கி, அவ்வெச்சரிக்கை எழாதவாறு அடக்கிவிடுகிறது. என்னே அதன் சூழ்ச்சி! மெச்னிக்காவ் காலத்துக் கருவிகள் வைரசைக் காட்டும் ஆற்றலற்றவை. ஆதலின் இவற்றை அவர் அறிய வழியில்லை.

முதுமையைத் தள்ளிப்போடப் புளித்த பால் உதவும் என்று நம்பிய அவர், அதனை நாள்தோறும் பருகி வந்தார். 1916ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தம் எழுபத்தோராம் வயதில், பாரிசில் மறைந்தார். அவர்தம் உடலின் சாம்பல், அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்த பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் ஒரு கலத்தில் வைக்கப்பட்டது.