ஆறுதல் உரைத்தவரின் ஆறாத் துயர்

இறந்தோர்க்காக அழுவதற்கும் ஓர் அளவு உண்டென நூல் செய்தவர் மோசஸ் பென் மைமோன். மேலைநாட்டார் மைமோனிடீஸ் என வழங்கும் இந்த யூதப் பேரறிஞர், முன்னோர் மரபினைத் திரட்டி 'மிஷ்னே தோரா' என 14 நூல்களாகத் தொகுத்தார். துக்கம் காத்தல் பற்றிய விதிகளும் அதில் உள. அழுகைக்கு 3 நாள், புலம்பலுக்கு 7 நாள், முடி களையாமை முதலியவற்றுக்கு 30 நாள். அதற்கு மேல் வருந்துதல் தகாது. தேற்ற வந்தவர், இழந்தவர் வாய் திறக்கும்வரை தாம் பேசலாகாது. துக்க வீடுகளில் நாம் பேசித் தீர்ப்பவற்றை எண்ணுங்கால், இவ்வொரு விதிக்காகவே அவரைக் கைதொழலாம் எனத் தோன்றுகிறது.

ஸ்பெயினின் கொர்தோவா நகரில் 1138-இல் பிறந்தார். 1135 என்பாரும் உளர். 1148-இல் அல்மோகதுகள் அந்நகரைக் கைப்பற்றியபின் குடும்பம் ஊர் ஊராக அலைந்து, மொராக்கோவின் ஃபெஸ் நகரில் சில காலம் தங்கியது. உயிருக்கு அஞ்சி வெளித்தோற்றத்தில் மதம் மாறி, உள்ளத்தில் பழைய நெறி பேணியவர்களுக்குத் தந்தை மைமோன் ஆறுதல் மடல் ஒன்று எழுதினார். தேற்றும் பணி மகனுக்குத் தந்தைவழி வந்தது எனலாம். பின்னர் 1165-இல் அக்கோ துறைமுகம் வழியாகப் புனித நாடு சென்று, எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் நிலைகொண்டனர்.

1172 அளவில் யேமன் நாட்டு யூதர் மதமாற்றக் கொடுமைக்கு ஆட்பட்டு அவரிடம் முறையிட்டனர். பெண்டிரும் சிறுவரும் உணரும் வண்ணம் அவர் அரபு மொழியில் நீண்ட மடல் விடுத்தார். நன்றியுணர்வால் யேமனியர் தம் வழிபாட்டு உரையிலேயே அவர் பெயரைச் சேர்த்து ஓதினர் எனப் பிற்கால அறிஞர் நாக்மானிடீஸ் குறிக்கிறார்.

குடும்பத்தைத் தாங்கியவர் மணி வணிகம் செய்த தம்பி தாவீது. செங்கடல் துறையான ஐதாபில் நல்ல சரக்குக் கிடைக்காமையால் இந்தியாவுக்குக் கப்பலேறத் துணிந்து, வீட்டுப் பெண்களை அஞ்சவிடாமல் தேற்றுமாறு அண்ணனுக்கு எழுதினார். கெய்ரோ கெனிசாத் தாள்களிடையே கிடைத்த அக்கடிதம் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. தாவீது இந்தியக் கடலில் மூழ்கினார். தம் பொருளோடு அண்ணன் பொருளும் பிறர் பொருளும் உடன் போயின. இளம் மனைவியும் சிறு மகளும் அண்ணன் பொறுப்பாயினர்.

அளவு வகுத்தவர் ஏறத்தாழ ஓராண்டு காய்ச்சலும் கட்டியுமாகப் படுக்கையில் கிடந்தார். எட்டாண்டு கழித்து அக்கோ நண்பர் யாபேத்துக்கு எழுதிய மடலிலும் துயர் தணியவில்லை. தாம் மடியில் வளர்த்த தம்பி, தமக்கு மாணவனும் ஆனவன் என நைகிறார். தந்தை மறைந்தபோது பன்மாதத் தொலைவிலிருந்தெல்லாம் இரங்கல் மடல்கள் வந்தும் யாபேத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை என்னும் குறையும் அதில் உண்டு. ஊரையெல்லாம் தேற்றியவர் ஒரு மடலுக்கு ஏங்கியிருக்கிறார்! விதிக்கு மாறாக நடந்தார் என இதனைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. நம் புறப்பாடற் புலவர்தம் கையறுநிலையை அறிந்தோர்க்கு இது விளங்கும்.

மறைநூற் கல்வியும் பிற கலைகளுமே தம்மை அழியாமற் காத்தன என்கிறார். பின்னர் மருத்துவம் அவர்தம் பிழைப்பாயிற்று. சலாதீனின் அமைச்சர் அல்-ஃபாதிலின் ஆதரவு கிட்டியது. 1204-இல் மறைந்தார். யாபேத்துக்கு எழுதிய அந்நாளிலும், தம்பியின் கையெழுத்தையோ நூலையோ காண நேர்ந்தால் நெஞ்சு புரண்டு, பழந்துயர் மீண்டும் எழுந்ததாம்.