வேரோடு வந்த வெள்ளைப் பூ

சிறுமலர் என்று நாம் அன்புடன் அழைக்கும் புனித குழந்தை தெரேசம்மாள், பிரான்சு தேசத்தில் 1873-ம் ஆண்டு பிறந்தார். 1887 பெந்தகோஸ்து திருநாளன்று, லிசியே நகரில் தம் வீட்டுத் தோட்டத்தில், கார்மேல் மடம் புகத் தந்தையாரிடம் உத்தரவு கேட்டார். வயது 14 தான். தந்தை மதிலில் பூத்திருந்த சிறு வெள்ளைப் பூவொன்றை எடுத்துக் கொடுத்தார். அது வேரோடு வந்தது. வேறு நிலத்தில் நடப்படவே இது வேரோடு வந்ததென மகள் எண்ணி, 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' நூலுக்குள் பத்திரப்படுத்தினார். 1895-ல் தம் வரலாற்றை எழுதும்போது, அதன் தண்டு வேரருகே முறிந்திருந்தது. தம் மரணம் தூரத்திலில்லை என்று அவர் கண்டுகொண்டார்.

மறு ஆண்டு பெரிய வியாழன் நள்ளிரவில், படுத்தவுடன் வாயில் ஏதோ பொங்கி வந்தது. விளக்கை அணைத்துவிட்டபடியால் விடியுமட்டும் பார்க்காமலே இருந்தார். (நம்மில் யாருக்கு அந்தப் பொறுமை வரும்!) காலையில் பார்த்தால் கைக்குட்டையில் இரத்தம். ஆண்டவர் அழைக்கிறார் என்று அகமகிழ்ந்தார்.

ஆனால் அந்தப் பாஸ்கு காலத்திலேயே மோட்சத்தைப் பற்றிய நினைவு அவருக்கு இருளாகிவிட்டது. ரோஜா மலர்களுடன் படத்தில் காணும் புனிதைக்கா இச்சோதனை என்று நாம் வியக்கிறோம். ஆறுதல் எதையும் உணராமலே, விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30 மாலை, பாடுபட்ட சுரூபத்தைக் கையில் பற்றியபடி, காசநோயால் 24-ம் வயதில் உயிர்நீத்தார்.