கண்ணுக்குள் ரத்தக்கசிவு... அதையே படமாக வரைந்த ‘அலறல்’ ஓவியர்! யார் இந்த எட்வர்ட் மூங்க்?

கன்னத்தில் இரண்டு கையையும் வைத்து அலறும் உருவம். வாட்ஸ்அப்பில் அந்த எமோஜியைப் பார்த்தாலே பலருக்கும் இந்த ஓவியம்தான் ஞாபகம் வரும். 1893-ல் அதை வரைந்தவர் நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க்.

1863-ல் பிறந்தவர். ஐந்து வயதில் அம்மாவை காசநோய் கொண்டுபோனது. 1877-ல் அக்கா சோஃபியும் அதே நோயால் இறந்தார். 1908-ல் மனநிலை பாதித்து கோபன்ஹேகனில் சிகிச்சை எடுத்தார். ஆனா ஓவியர் என்ற முறையில் பெரிய பயம் வந்தது 1930-ல்தான்.

அப்போ வயது 66. ஏற்கெனவே இடது கண்ணில் பார்வை கம்மி. நம்பியிருந்த வலது கண்ணுக்குள் திடீர்னு ரத்தக்கசிவு!

கண்ணின் உள்ளே ஜெல்லி மாதிரி ஒரு பொருள் நிறைந்திருக்கும். அதில் ரத்தம் கலந்தால் உறைந்த துணுக்குகளின் நிழல் விழித்திரையில் விழும். மூங்குக்கு அது நீண்ட அலகு கொண்ட பறவை மாதிரி தெரிந்தது. வட்ட வட்டமாக வண்ணங்களும் தெரிந்தன. ஓய்வெடுக்கச் சொன்னார் டாக்டர். மனுஷன் சும்மா இருந்தாரா? தெரிந்ததையெல்லாம் தேதி போட்டு வரைந்து தள்ளினார். ரத்தம் மெல்ல மெல்லக் கரைவதை அந்தப் படங்களிலேயே பார்க்க முடிகிறது.

அன்று ஓய்வைத் தவிர பெரிதாக வழி இல்லை. கண்ணுக்குள் சிறிய கருவியை விட்டு, ரத்தம் கலந்த ஜெல்லியை வெட்டி உறிஞ்சும் ‘விட்ரெக்டமி’ ஆபரேஷனை மியாமியில் டாக்டர் ராபர்ட் மாகெமர் செய்தது 1970-ல்தான்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்கு, குறிப்பாக சர்க்கரை நோயாளிகளுக்கு, மறுபடி ரத்தம் கசியலாம். பெரும்பாலும் பொறுத்திருந்து பார்ப்பார்கள். தலையை உயர்த்திப் படுத்தால் ரத்தம் கீழே படியும் (கண்ணில் கேஸ் வைத்திருந்தால் எப்படிப் படுப்பது என்பதை டாக்டர்தான் சொல்லணும்). ரத்தம் மறைப்பதால் உள்ளே தெரியாது. விழித்திரை விலகியிருக்கிறதா என அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்ப்பார்கள். தானாகக் கரையாவிட்டால் உள்ளே கழுவி எடுப்பார்கள். திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ, வலி அதிகமானாலோ அன்றைக்கே போய்விட வேண்டும்.

மூங்குக்கு பார்வை ஓரளவு திரும்பியது. மறுபடி தூரிகையைப் பிடித்தார். 1944 ஜனவரி 23-ல், 80 வயதில் இறந்தார். தன்னிடம் இருந்த ஓவியங்களை ஆஸ்லோ நகரத்துக்கே எழுதி வைத்துவிட்டார். அங்குள்ள மூங்க் மியூசியத்தில், ‘அலறல்’ படத்தோடு அந்தக் கண் படங்களும் இருக்கின்றன.