ஹோமி ஜஹாங்கிர் பாபா

ஹோமி ஜஹாங்கிர் பாபா (அக்டோபர் 30, 1909 – ஜனவரி 24, 1966) புகழ்பெற்ற இந்திய இயற்பியலாளர் ஆவார். இவர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இந்திய அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவர். ஏர் இந்தியாவின் போயிங் 707 விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தில் மோதியதில், அதில் இருந்த 117 பேரும் இறந்தனர். அவர்களுள் ஒருவர் பாபா. இவருடைய மரணத்தைச் சுற்றி உறுதிப்படாத செய்திகள் பல உலவுவதால், விபத்து விசாரணையில் தெரியவந்தவை இங்குச் சற்று விரிவாகவே தரப்படுகின்றன.

பிறப்பும் கல்வியும்

பாபா மும்பையில் ஒரு செல்வந்தப் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜஹாங்கிர் ஒரு வழக்கறிஞர். பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தில் கல்வித்துறையின் உயர் அதிகாரியாக இருந்தவர். அத்தை மெஹர்பாய், தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி. எனவே, படித்து முடித்ததும் ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா எஃகு ஆலையில் பொறியாளராகச் சேர வேண்டும் என்பதே குடும்பத்தாரின் எண்ணமாக இருந்தது. அந்த எண்ணத்துடனேயே 1927இல் கேம்பிரிட்ஜில் உள்ள கான்வில் அண்டு கீஸ் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்.

ஆனால் அங்கு அவருடைய மனம் இயற்பியலிலும் கணிதத்திலும் ஈடுபட்டது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. இயந்திரப் பொறியியலை முதல் வகுப்பில் முடித்தால் மேலும் தங்கிக் கணிதம் பயிலலாம் எனத் தந்தை இசைந்தார். 1930இல் பொறியியலிலும், 1932இல் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறினார். பொறியியலில் சேர்ந்துவிட்டு வேறொன்றை விரும்பும் மாணவர் இன்றும் உளர். அவர்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கக்கூடும். அந்தப் பொறியியல் படிப்பும் வீணாகிவிடவில்லை. பிற்காலத்தில் அணு உலை கட்டும் பணியில் அது அவருக்குக் கைகொடுத்தது.

அறிவியல் பணி

1930களில் பாபா சூரிச்சில் பௌலியிடமும், உரோமில் ஃபெர்மியிடமும் சிறிது காலம் பணியாற்றினார். 1935இல் முனைவர் பட்டம் பெற்றார். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒன்றையொன்று நெருங்கும்போது எவ்வாறு சிதறுகின்றன என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். இது இன்றும் பாபா சிதறல் என்றே அழைக்கப்படுகிறது. துகள் மோதுவிகளில் கற்றையின் செறிவை அளக்க இது பயன்படுகிறது.

1937இல் வால்ட்டர் ஹைட்லருடன் இணைந்து அண்டக்கதிர்ப் பொழிவுக்கு விளக்கம் அளித்தார். விண்வெளியிலிருந்து வரும் விரைவான ஒரு துகள் காற்றுமண்டலத்தில் நுழைந்ததும் இரண்டாகி, நான்காகி, படிப்படியாகப் பெருகி, இறுதியில் பெருந்திரளாகத் தரையை வந்தடைகிறது என்பது அக்கோட்பாட்டின் சாரம். குறைந்த ஆயுளுடைய துகள் மிகு வேகத்தில் வரும்போது அதன் ஆயுள் நீண்டு தோன்றும் என்றும், அது ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டிற்குச் சான்றாகும் என்றும் 1938இல் சுட்டிக் காட்டினார்.

போரும் பெங்களூரும்

1939இல் பாபா விடுமுறைக்காக இந்தியா வந்திருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டதால் கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப இயலவில்லை. போர் மூளாமல் இருந்திருந்தால் அவர் ஐரோப்பாவிலேயே ஒரு பேராசிரியராக நிலைத்திருக்கக்கூடும். 1940இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அப்போது சி. வி. இராமன் அங்கே இயற்பியல் துறையில் இருந்தார். 1941இல், 31ஆம் வயதில், இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போர் வந்ததால் ஒரு வசதியும் வாய்த்தது. பெங்களூரில் போர்க்கால விமானங்கள் இருந்தன. பாபாவும் அவருடைய குழுவினரும் அளவிடும் கருவிகளை விமானத்தில் ஏற்றிச் சுமார் 30,000 அடி உயரத்தில் அண்டக்கதிர்களை அளந்தனர். பிற்காலத்தில் பலூன்களும் இதற்குப் பயன்பட்டன. உயரே சென்றது போலவே ஆழத்திற்கும் சென்றனர். கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில், தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் வாழ்ந்த அப்பகுதியில், பாபாவின் நிறுவனத்தார் 1950களிலேயே ஆய்வைத் தொடங்கினர். 1965இல் காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை அங்கே கண்டறிந்தது உலகளவில் ஒரு முக்கிய நிகழ்வாகும்.

நிறுவனங்கள்

1944 மார்ச்சில் பாபா டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதி, அடிப்படை இயற்பியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் எனக் கேட்டார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்படுவதற்கு ஓராண்டுக்கு மேல் முந்தைய கடிதம் இது. அதன் பயனாக 1945 ஜூன் 1 அன்று டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே மும்பைக்கு மாறியது. அங்கே தொடக்கத்தில் இடம் தந்தது அவர் அத்தையின் பங்களா. கொலாபாவில் உள்ள கட்டடத்தை 1962இல் நேரு திறந்து வைத்தார்.

1948 ஆகஸ்டில் அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டு, பாபா அதன் தலைவரானார். 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் எழுந்தது. 1956 ஆகஸ்ட் 4 அன்று அங்கே இயங்கத் தொடங்கிய அப்சரா, சோவியத் ஒன்றியம் நீங்கலாக ஆசியாவின் முதல் அணு உலையாகும். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. கேரளக் கடற்கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பகுதியிலும் உள்ள கருமணலில் தோரியம் இருக்கிறது. ஆனால் அதை நேரடியாக எரிபொருளாக்க முடியாது. ஆகவே முதலில் யுரேனிய உலைகள், அவற்றிலிருந்து கிடைக்கும் புளூட்டோனியத்தைக் கொண்டு ஈனுலைகள், பின்னர் தோரிய உலைகள் என்னும் மூன்று கட்டத் திட்டத்தை வகுத்தார். கல்பாக்கத்தில் பின்னாளில் எழுந்த ஈனுலைகள் இதன் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தவை. உதகமண்டலத்தின் வானொலித் தொலைநோக்கியும் பாபாவின் ஆதரவால் உருவான திட்டமே. 1970இல் அது நிறைவுற்றபோது அவர் இல்லை.

அவருடைய கணிப்புகள் அனைத்தும் பலித்துவிடவில்லை. 1955இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர், அணுக்கரு இணைவின் ஆற்றலை இருபது ஆண்டுகளுக்குள் வசப்படுத்திவிடலாம் எனக் கருதினார். அது இன்றும் கைகூடவில்லை. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டைச் சோதித்த பின் வானொலியில் உரையாற்றிய பாபா, 10 கிலோடன் வெடிப்புக்கு 17.5 இலட்சம் ரூபாயே செலவாகும் என்றார். அணு உலை, பிரித்தெடுக்கும் ஆலை முதலியவற்றின் செலவு அக்கணக்கில் இல்லை என்பதைப் பலர் சுட்டிக் காட்டினர். அக்குறை நியாயமானதே.

இறுதிப் பயணம்

1966 ஜனவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். ஜனவரி 24 அன்று இந்திரா காந்திக்குத் தில்லியில் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர், திருத்தணியில் பிறந்தவரான குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். (திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்து அப்போது ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.) பாபாவின் விமானம் வீழ்ந்ததும் அதே நாளில்தான்.

வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கூட்டமொன்றில் கலந்துகொள்ள பாபா புறப்பட்டிருந்தார். காஞ்சன்ஜங்கா என்று பெயரிடப்பட்ட அவ்விமானம் மும்பையிலிருந்து தில்லி, பெய்ரூட் வழியாக ஜெனீவாவை நெருங்கிக் கொண்டிருந்தது. காலை எட்டு மணியளவில், 4,800 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய மோன் பிளாங்கின் உச்சிக்குச் சிறிது கீழே மோதிச் சிதறியது. பாபாவின் உடல் கிடைக்கவில்லை.

விசாரணை

விபத்து நடந்தது பிரான்சு நாட்டு எல்லைக்குள் என்பதால் அந்நாடே விசாரித்தது. அதன் முடிவு பின்வருமாறு. தரையில் உள்ள வானொலி நிலையங்களிலிருந்து தன் திசையை அறிய விமானத்தில் இரண்டு ஏற்பிகள் இருந்தன. பெய்ரூட்டை விட்டுக் கிளம்பும்போதே அவற்றுள் ஒன்று பழுதாகியிருந்தது. இரண்டு ஏற்பிகளும் இருந்தால் இரு நிலையங்களின் திசைக்கோடுகளை ஒரே சமயத்தில் பெற்று, அவை வெட்டும் புள்ளியில் தன் இடத்தை அறியலாம். ஒன்று மட்டும் இருந்தால் கிடைப்பது ஒரு கோடு; அக்கோட்டில் எங்கே இருக்கிறோம் என்பதை வேறு வழியில் கணிக்க வேண்டும். விமானி தன் இடத்தைத் தவறாகக் கணித்து ஜெனீவாவுக்கு அறிவித்தார். அங்கிருந்த ராடார் கட்டுப்பாட்டாளர் தவறைக் கண்டுகொண்டார். சரியான இடத்தையும் கணித்தார். மோன் பிளாங்குக்கு இன்னும் ஐந்து மைல் இருக்கிறது என்ற பொருளில் செய்தியும் அனுப்பினார். ஆனால் அச்சொற்கள் போதிய தெளிவுடன் அமையவில்லை. மலைமுகட்டைக் கடந்துவிட்டதாக எண்ணிக்கொண்ட விமானி, தொடர்ந்து கீழிறங்கினார்.

எனவே கருவிப் பழுது ஒரு காரணம் மட்டுமே. தவறு கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தமும் அனுப்பப்பட்ட பின்னரே விபத்து நேர்ந்தது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

இதற்கு முன்னரே, 1950 நவம்பர் 3 அன்று, ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் என்னும் விமானமும் ஏறக்குறைய அதே இடத்தில் மோதி 48 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் பிரித்தானியாவில் கப்பலேறச் சென்ற இந்திய மாலுமிகள். மீட்கச் சென்ற மலை வழிகாட்டி ஒருவரும் உயிரிழந்தார். அவ்விமானத்தில் பாபாவைப் போல் பெயர் பெற்றவர் எவரும் இல்லாததால் இந்தியாவில் அது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

பாபா இந்தியாவின் அணுகுண்டு முயற்சியைத் தடுப்பதற்காகக் கொல்லப்பட்டார் என்றும், அதில் அமெரிக்க உளவுத்துறைக்குப் பங்கு உண்டு என்றும் ஒரு கூற்று உள்ளது. சாஸ்திரி இறந்த இரண்டு வாரங்களுக்குள் இவ்விபத்து நிகழ்ந்தது ஐயத்தை வளர்த்தது. எனினும் இக்கூற்றுக்கு ஏற்கத்தக்க சான்று எதுவும் வெளிவரவில்லை.

பனியாறு தருபவை

விமானத்தின் சிதறல்களை மோன் பிளாங்கின் போசோன் பனியாறு மெதுவாகக் கீழே கொண்டுவந்து கொண்டிருக்கிறது. 2012இல் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அஞ்சல் பை ஒன்று கிடைத்தது. 2013இல் மலையேறுபவர் ஒருவர் மரகதம், நீலம், மாணிக்கக் கற்கள் அடங்கிய பெட்டியைக் கண்டெடுத்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். உரியவர் எவரும் உறுதிப்படாததால் 2021இல் அவை அவருக்கும் ஷாமொனி நகராட்சிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. 2020இல் கிடைத்தவை, இந்திரா காந்தி பிரதமராகத் தேர்வு பெற்ற செய்தியைத் தலைப்பில் தாங்கிய இந்திய நாளேடுகள்.

நினைவு

1967 ஜனவரியில் டிராம்பே நிலையத்துக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயரிடப்பட்டது. அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பை விக்ரம் சாராபாய் ஏற்றார்.

பாபா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓவியம் தீட்டுவதிலும் மேற்கத்திய இசையிலும் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். டாட்டா நிறுவனத்தின் சுவர்களில் இந்திய ஓவியர்களின் படைப்புகளை வாங்கி மாட்டியவரும் அவரே. மும்பை மலபார் குன்றில் இருந்த அவரது மெஹ்ராங்கிர் இல்லத்தை அருங்காட்சியகமாக்க வேண்டும் என அணுசக்தித் துறையினர் பலர் கோரினர். அது 2014இல் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று, 2016இல் இடிக்கப்பட்டது.